கட்டைவிரல் இல்லாத கையுறை

என் டிரங்குப் பெட்டியில் ஒரு சோடிக் கம்பளிக் கையுறை கிடக்கிறது. சாம்பல் நிறம். நாலு விரலுக்கும் சேர்த்து ஒரே பை, கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு சின்னப் பை என்று பின்னிய தினுசு. ஆனால் அந்தக் கட்டைவிரல் பை இப்போது இல்லை. இரண்டிலும் அதை வெட்டி எடுத்து, ஓட்டையைக் கறுப்பு நூலால் தைத்து அடைத்திருக்கிறது. தையலும் அவசரத் தையல்தான், ஒன்று நீளம் ஒன்று குட்டை. வீட்டுப் பிள்ளைகள் அதை எடுத்துக் கையில் மாட்டி, கட்டைவிரலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள். "எதுக்கு இதை வச்சிருக்கீங்க, தூக்கிப் போட வேண்டியதுதானே" என்று கேட்காத ஆளில்லை. தூக்கிப் போடுவதாம்! என்னைத் தூக்கிப் போட்ட பிறகு வேண்டுமானால் அதைப் போட்டுக்கொள்ளட்டும். ஒரு தேர்தல் சமயத்தில் தலைவர் ஒருவர் ஊர் ஊராக இலவசமாகக் கொடுத்த கையுறை அது. அதைப் போட்டுக்கொண்டு எங்கள் மலைச் சனங்கள் உயிரைக் கொடுத்துக் கைதட்டினார்கள், சத்தமே வரவில்லை. அந்தச் சத்தத்தை வரவழைத்தவள் என் மதினி.

மதினி என்றால் அண்ணன் பெண்டாட்டி. கூக்காலில் பிறந்தவள். பூம்பாறையைத் தாண்டி, பஸ் போய் நின்றுவிடுகிற இடத்தையும் தாண்டி இருக்கிற ஊர் அது. கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த புதிதிலேயே எங்கள் அம்மா நடக்கிற மாதிரி நடந்து காட்டி, அம்மாவையே சிரிக்க வைத்த கைகாரி. யார் குரலும் அவள் தொண்டைக்குள் அடங்கும். உருளைக்கிழங்கு மண்டிக்காரர், தபால்காரர், நான் வேலை பார்த்த மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் தலைமை ஆசிரியை, அத்தனை பேரையும் உலை கொதிக்கிற நேரத்துக்குள் சமையல்கட்டுக்குக் கூட்டிவந்துவிடுவாள். நான் அப்போது சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். மறுநாள் தலைமை ஆசிரியையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், "ஏன் டீச்சரு, அந்தம்மா இன்னைக்காவது என்னய மாதிரி ஒழுங்காப் பேசுனாங்களா?" என்று மதினி கேட்பாள். என்ன செய்வது அவளை!

அண்ணன் தலைவரின் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துக்கு அவர்தான் எம்.எல்.ஏ., ஆகவே அவர்தான் தலைவர். நல்ல உயரம், நல்ல வேட்டி, நல்ல குரல். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆர்மோனியப் பெட்டியை இழுப்பது போல இழுத்து, கடைசியில் பொத்தென்று விடுவார். அழ வேண்டிய இடம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அப்புறம்தான் கண்ணைத் துடைப்பார். கண்ணுக்கு முன்னால் கண்ணாடி எப்படி நனைகிறது என்று மதினிக்குத் தீராத சந்தேகம். அவர் அழுகிற இடம் எங்களுக்கெல்லாம் மனப்பாடம். "கூக்கால் மக்களுக்கு ஒரு பஸ் இல்லையே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை" என்பார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவருக்குச் சோறு இறங்காது. தேர்தல் முடிந்ததும் இறங்கிவிடும். மரம் ஏற்றிய லாரி போகிற பாதையில் பஸ் மட்டும் ஏன் போகாது என்று யாராவது கேட்டால், ஆலோசனையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவார்.

அவர் அழுகையை நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தாளே தவிர, அந்தப் பஸ் மதினிக்குச் சிரிப்பான விஷயம் இல்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்களிடம் மாற்ற முடியாத வழக்கம். அவளும் வளைகாப்பு முடிந்து கூக்காலுக்குத்தான் போனாள். வலி கண்டபோது பிள்ளை குறுக்கே கிடந்தது. ஊர்க்காரர்கள் கம்பளியைக் கம்பில் கட்டித் தொட்டிலாக்கி, அவளை அதில் கிடத்தி, மழையில் பூம்பாறை வரைக்கும் தோளில் சுமந்து வந்தார்கள். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தரம் பேசினாள், அதுவும் பூண்டு உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். "பூம்பாறைப் பூண்டுக்காடு கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் வயித்துல அசைஞ்சுச்சு டீச்சரு. அதுக்கப்பறம் அசையல." நான் அழுதுவிட்டேன். அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

நான் சொல்லவந்த தேர்தல் அறுபதுகளில் வந்தது. அந்தத் தை மாதம் மதினியின் தங்கை, பழனிப் பக்கம் கட்டிக்கொடுத்தவள், தலைப்பிரசவத்துக்குக் கூக்காலுக்கு வந்திருந்தாள். மாசியில் பிள்ளை பிறக்க வேண்டும். மதினிக்குச் சாப்பாடு குறைந்துபோனது, குரல் காட்டுவதும் நின்றுபோனது. "தங்கச்சியையும் அதே கம்பளியிலதான் தூக்கணுமா?" என்று அண்ணனிடம் கேட்டாள். 

அந்த வருஷம் உறைபனி கடுமை. காலையில் கோசுக்காடெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். தலைவர் ஓட்டுக் கேட்கப் போன மேல்மலை ஊர்களிலெல்லாம் ஆளுக்கு ஒரு சோடி கம்பளிக் கையுறை கொடுத்தார். எங்கிருந்தோ மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. கூடவே, பொங்கலை ஒட்டிக் கொடைக்கானலில் ஒரு கலைப் போட்டி நடத்தவும் ஏற்பாடு செய்தார். யார் வேண்டுமானாலும் பாடலாம், ஆடலாம், நாடகம் போடலாம். அவர் ஆளான ஒரு ஓட்டல் முதலாளி மைக்கில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்: "நடுவர் கிடையாது! மக்களே நடுவர்! யாருக்குக் கைதட்டல் அதிகமோ அவருக்கே வெள்ளிக் கோப்பை!" டிவி என்ற சொல்லே எங்கள் காதில் விழாத காலம் அது. இன்றைக்கு டிவிக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி காட்டுகிறார்களே, அதை எங்கள் ஓட்டல் முதலாளி அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். கோப்பை யாருக்கு என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருந்தது. தலைவருடைய மைத்துனர் மகன் ஒருவன் பாடுவான், அவனுக்குத்தான்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோதே மதினியின் கண்ணில் பழைய வெளிச்சம். "டீச்சரு, நாமளும் ஒரு நாடகம் போடுவோம். நீங்க பேரு குடுத்தா ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். 'வாக்களிப்பது நம் கடமை' என்று தலைப்புக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்து டீச்சர் போடுகிற நாடகம், நல்ல புத்திதான் சொல்லும் என்று ஓட்டல் முதலாளி சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார். அண்ணனுக்கு மட்டும் விஷயம் தெரியும். "எம் பொழப்புல மண்ணைப் போட்டுறாதீங்க" என்று எங்கள் இரண்டு பேரையும் கும்பிட்டார். மதினி, "ஜீப்பு ஓட்ட இன்னொரு எடம் பாத்துக்கிரலாங்க. எந் தங்கச்சிக்கு இன்னொரு உசுரு எங்க போய்ப் பாக்க?" என்றாள். அண்ணன் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாடகத்தில் நாங்கள் இரண்டே பேர். கதை இதுதான்: ஓட்டுப் பெட்டியெல்லாம் ஒழிந்துபோயிற்று, இனிமேல் எம்.எல்.ஏ. ஆக வேண்டும் என்றால் மேடையேறித் திறமையைக் காட்ட வேண்டும். நான் நடுவர். பள்ளிக்கூடத்து மணி ஒன்று என் கையில். மதினி ஒரே ஆளாக மூன்று வேட்பாளர், தோளில் கிடக்கிற துண்டை மட்டும் மாற்றிக்கொள்வாள். முதல் வேட்பாளர் பாடுவார். "ஊருக்குத் தண்ணி எப்ப வரும்?" என்று நான் கேட்டால், அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுவார். இரண்டாமவர் ஆடுவார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை கேட்டால், கூரை இல்லாவிட்டால்தான் ஆட வசதி என்பார். மூன்றாமவர் அழுவார். அவ்வளவுதான், வேறு திறமை கிடையாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பிறகு கண்ணைத் துடைத்து, "கூக்கால் மக்களை நினைத்தால்..." என்று ஆர்மோனியத்தை இழுப்பார். நான் மணியடித்து, "ஐயா, பஸ்ஸு?" என்று கேட்பேன். உடனே இன்னும் சத்தமாக அழுவார். நான் மறுபடி கேட்பேன், அவர் மறுபடி அழுவார். கடைசியில் நடுவருக்கே அழுகை வந்து, இவருக்கே பரிசு என்று கொடுத்துவிடுவார். கூத்துதான், போங்கள்.

பொங்கல் முடிந்து ஒரு மத்தியானம் ஏரிக்குப் பக்கத்து மைதானத்தில் போட்டி நடந்தது. வெயில் இருந்தும் குளிர் எலும்பில் குத்தியது. முன்வரிசை நாற்காலிகளில் டவுன் ஆட்கள், கோட்டும் சால்வையுமாக. நடுவில் தலைவர். பின்னால், மைதானத்தின் முக்கால்வாசிக்கு, பூம்பாறையிலிருந்தும் கூக்காலிலிருந்தும் தலைவரே லாரி வைத்துக் கூட்டிவந்த சனங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லார் கையிலும் சாம்பல் நிறக் கையுறை. கொடுத்த மனுசன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அதைப் போடாமல் வந்தால் மரியாதையா? எங்கள் மலைச் சனங்கள் அப்படி.

மைத்துனர் மகன் பாடினான். சுமாராகத்தான் பாடினான். எங்கள் முறை வந்தது. முதல் இரண்டு வேட்பாளர்களுக்கும் டவுன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாமவர் கண்ணாடியைக் கழற்றினதும் முன்வரிசைச் சிரிப்பு கத்தரித்தாற்போல் நின்றது. எல்லாருடைய தலையும் தலைவர் பக்கம் திரும்பியது. அவர் சிரித்தால் சிரிக்கலாம் என்று காத்திருந்தார்கள். அவர் சிரிக்கவில்லை, காலண்டரில் அச்சடித்த முகம் போல ஒரு முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்களோ கம்பளியோடு குலுங்கினார்கள். என் கையிலிருந்த மணி அடிக்காமலே கிணுகிணுத்தது. மதினிக்கு ஒரு சொல் பிசகவில்லை.

கடைசியில் மக்கள் தீர்ப்பு. ஓட்டல் முதலாளி ஒவ்வொருவர் தலைக்கு மேலும் கையைப் பிடித்தார். மைத்துனர் மகனுக்கு முன்வரிசை படபடவென்று தட்டியது. மதினி தலைக்கு மேல் கையைப் பிடித்தபோது முன்வரிசையில் நாலைந்து பேர் பட்டும் படாமலும் தட்டினார்கள். பின்னாலிருந்து ஒன்றுமே கேட்கவில்லை. மதினியின் முகம் செத்துப்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தன் சொந்தச் சனமே தனக்குக் கைதட்டவில்லை என்று நினைத்துவிட்டாள். ஓட்டல் முதலாளி கோப்பையைக் கையில் எடுத்தார். அப்போதுதான் மதினி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்னால் பார்த்தாள். நானும் பார்த்தேன். அத்தனை கைகளும் மேலும் கீழுமாக, உயிரைக் கொடுத்துத் தட்டிக்கொண்டிருந்தன. கையெல்லாம் கம்பளி. தலையணையைத் தட்டுகிற மாதிரி பொத் பொத் என்று ஒரு சத்தம், அதுவும் காது கொடுத்துக் கேட்டால்தான்.

மதினி மைக்கைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். "ஏலே, கையில கெடக்குறதக் கழட்டிட்டுத் தட்டுங்கலே! ஒரு சத்தமும் கேக்கல!" என்று கத்தினாள். ஒருத்தரும் கழற்றவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூக்கால் கூட்டத்தில் முன்னால் நின்ற அவளுடைய தாய்மாமன் தலைவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அவளிடம் சொன்னார்: "குடுத்தவுக எதிர்க்க ஒக்காந்திருக்காக ஆத்தா. எப்படிக் கழட்டுறது? தப்பா நெனைக்க மாட்டாகளா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. மதினி மூன்றாம் வேட்பாளரின் துண்டை எடுத்தாள். அதைத் தோளில் போட்டாள். மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தாள். தலைவருடைய குரல் வந்தது.

"என் அருமைக் கூக்கால் பெருமக்களே! பூம்பாறைத் தாய்மார்களே! நான் கொடுத்த கையுறையைப் போட்டுக்கொண்டு வந்து என்னைக் கௌரவப்படுத்தினீர்கள். இப்போது நானே கேட்டுக்கொள்கிறேன், கொஞ்ச நேரம் அதைக் கழற்றி மடியில் வையுங்கள். உங்கள் கை என்ன சொல்கிறது என்று நான் கேட்க வேண்டும்!"

கடைசிச் சொல்லைப் பொத்தென்று விட்டாள். ஆகா, அந்தக் கணத்தை எப்படிச் சொல்வது! தலைவர் வாயைத் திறக்காமலே தலைவர் பேசிவிட்டார். பின்னால் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது, பிறகு கையுறைகள் கழன்றன. "அவுகளே சொல்லிட்டாகளே" என்று தாய்மாமன் தன்னுடையதைக் கழற்றி இடுப்பில் செருகினார். அப்புறம் தட்டினார்கள். பூண்டும் கிழங்கும் கிண்டிக் காய்த்த கைகள். அந்தச் சத்தத்தில் ஏரிக்கரையில் நின்ற குதிரைகள் கயிற்றை இழுத்தன. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாங்களும் தட்டத் தொடங்கினார்கள், கெட்டிக்காரர்கள்.

தலைவரும் லேசுப்பட்டவர் அல்ல. எழுந்து நின்று தானும் தட்டினார். மேடைக்கு வந்து, "என் குரலை என்னிடமிருந்தே வாங்கிக்கொண்ட தாய்க்கு இந்தக் கோப்பை போதாது. வேறு என்னம்மா வேண்டும், கேள்!" என்றார், மைக்கில்.

"கூக்காலுக்குப் பஸ்ஸு வேணுங்கய்யா."

"வந்துவிடும் அம்மா."

"என்னைக்குங்க?"

 அவர் கை மூக்குக் கண்ணாடியை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. இத்தனை பேர் பார்க்கும்போது இனி அதைக் கழற்ற முடியாதே! "திங்கட்கிழமை" என்றார்.

திங்கட்கிழமை பஸ் போனது. வாழைமரம் கட்டி, மாலை போட்டு, கூக்கால் வரைக்கும் போனது. ஊரே பஸ்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததாம். நான் வீட்டில் பாயசம் வைத்தேன். மதினி ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள். "ஓட்டு எண்ணுற வரைக்கும்தான் டீச்சரு இது ஓடும். அதுக்குள்ள என் சோலிய முடிச்சிரணும்" என்றாள். மறுநாள் வெள்ளனே கிளம்பி அதே பஸ்ஸில் கூக்காலுக்குப் போனாள். அங்கே அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் பெரிய சண்டை. தலைப்பிரசவத்துக்கு வந்த பிள்ளையைத் தாய் வீட்டைவிட்டு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும், மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று அந்தம்மா ஒரே பிடிவாதம். "தாய் வீடுதான வேணும்? தாயையும் கூட்டிட்டுப் போறேன். நீ இருக்குற வீடு தாய் வீடுதான், வெரசாக் கெளம்பு" என்று மதினி தங்கையோடு அம்மாவையும் சேர்த்துப் பஸ்ஸில் ஏற்றி, எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். பஸ் பாதையில் குதித்துக் குதித்து வந்தபோது வழி முழுக்கத் தங்கையின் வயிற்றில் கையை வைத்தபடியே வந்தாளாம். பூம்பாறைப் பூண்டுக்காடு தெரிந்ததும், "அசையுதா, அசையுதா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாளாம். அசைந்துகொண்டுதான் இருந்தது. இதைத் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். மதினி சொல்லவே இல்லை.

தேர்தலில் தலைவர்தான் ஜெயித்தார். கூக்காலில் அவருக்குத்தான் ஓட்டு மொத்தமாக விழுந்தது, பஸ் விட்டவராயிற்றே! எண்ணி முடித்த அடுத்த வாரமே, பாதை சரியில்லை என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸோடு அண்ணன் வேலையும் நின்றது. அண்ணன் கோசு லாரி ஓட்டப் போனார். "முட்டக்கோசு மேடையேறி அழுகாதுல்ல, நிம்மதியா ஓட்டுங்க" என்று மதினி அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். நான் மட்டும் பொருமிக்கொண்டே திரிந்தேன். ஒரு ஊரையே இப்படி ஏமாற்றுவார்களா என்று எனக்கு மனசு ஆறவில்லை. இன்றுவரை ஆறவில்லை.

பஸ் நின்ற சில நாளில் எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் தங்கைக்குப் பிரசவம். அவளுக்கும் பிள்ளை குறுக்கேதான் கிடந்தது. டாக்டரம்மா இருந்ததால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் பிள்ளை. வெளியே இன்னும் பனி. பிள்ளையின் கால் சில்லிட்டுப்போயிருந்தது. சுற்ற ஏதாவது இருக்கிறதா என்று நர்ஸ் கேட்டபோது, மதினி தன் அம்மாவின் பையிலிருந்து தலைவர் கொடுத்த கையுறையை எடுத்தாள். நர்ஸிடமே கத்திரிக்கோலும் ஊசியும் கறுப்பு நூலும் வாங்கினாள். கட்டைவிரலை நறுக்கி எறிந்தாள், ஓட்டையைத் தைத்தாள். அவசரத்தில் தையல் கோணலாக விழுந்தது. அந்தக் குட்டிக் கால்கள் இரண்டையும் அதற்குள் நுழைத்து, நாடாவால் கட்டினாள். கட்டி முடித்ததும் அந்தக் கால்களைத் தன் முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள். நான் பார்த்து அவள் அழுதது அந்த ஒரு தடவைதான். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, "தலைவரு குடுத்ததுல இது ஒண்ணுதான் டீச்சரு உருப்படியா வேலை செஞ்சிருக்கு" என்றாள்.

மதினி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரி இப்போது பேரன் பேத்தி எடுத்தவள். எங்கள் தெருவிலேயே இருக்கிறாள், அத்தை அத்தை என்று என்னைச் சுற்றிக்கொண்டு கிடப்பாள். போன தை மாதம் ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் டிவியில் பாட்டுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவர் நாற்காலியில் ஒரு அரசியல்வாதி. ஏழைப் பையன் ஒருவன் பாடி முடித்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மக்களே நடுவர், செல்போனில் ஓட்டுப் போடுங்கள் என்றார்கள். இவளுக்கு அந்தப் பையன் மேல் ஒரே பாசம். போனை எடுத்து அமுக்கு அமுக்கென்று அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. "என்னத்த இது, ஓட்டே விழ மாட்டேங்குது! நேரம் முடியப் போகுது!" என்று பதறினாள்.

பார்த்தேன். குளிருக்குக் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கம்பளி விரல் பட்டால் அந்தப் போனுக்கு உறைக்கவில்லை.

 யார் குரலும் எனக்கு வராது, மதினி எத்தனையோ சொல்லிக்கொடுத்தும் வந்ததில்லை. ஆனாலும் ஆர்மோனியத்தை இழுத்தேன். "நானே கேட்டுக்கொள்கிறேன் அம்மா, அதைக் கழற்றி மடியில் வை. உன் கை என்ன சொல்கிறது என்று நான் கேட்க வேண்டும்" என்றேன். அவளுக்குக் கதை தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். கையுறையைக் கழற்றினாள், அமுக்கினாள். ஓட்டு விழுந்தது.